ஒரு வீடு… இரண்டு டம்ளர் சாக்லேட் பால்!

சாக்லேட் பால் என்றதும் நம் வீடுகளில் ஞாபகத்துக்கு வருவது, பால் டம்ளரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைதான். வெறும் பால் இறங்காது. இரண்டு ஸ்பூன் சாக்லேட் பொடியைப் போட்டு, நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தால் உதட்டுக்கு மேல் மீசையோடு டம்ளர் காலியாகத் திரும்பி வரும். தலைமுறை தலைமுறையாக அம்மாக்கள் கொடுத்துவரும் செல்ல லஞ்சம் அது.

அந்த லஞ்சம் இப்போது ஜிம்முக்குப் போய்விட்டது. உடற்பயிற்சி முடித்த அரை மணி நேரத்துக்குள் ஒரு டம்ளர் சாக்லேட் பால் குடித்தால் தசை வலி தீரும், உடம்பு சட்டென்று தேறும் என்கிறார்கள் பயிற்சியாளர்கள். செல்போனைத் திறந்தால் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். ‘தினமும் குடித்தால் எடை குறையும்’ என்று தொப்பை கரைந்த படத்தோடு வீடியோ வருகிறது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அத்தையும் சித்தப்பாவும் அதை ஃபார்வர்டு செய்கிறார்கள்.

இதில் எது உண்மை, எது விளம்பரம்? அதைத் தெரிந்துகொள்ள, கோவையில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குப் போக வேண்டும். அங்கே அப்பாவும் மகளும் நான்கு மாதம் ஒரே அளவு டம்ளரில், ஒரே சாக்லேட் பால் குடித்தார்கள். மகளுக்கு அது மருந்தாக வேலை செய்தது. அப்பாவுக்கு வேறு விதமாக வேலை செய்தது.

ரேஸ்கோர்ஸும் ஸ்டேடியமும்

அப்பாவுக்கு 52 வயது. கணபதி பக்கம் சின்னதாக ஒரு பம்ப்செட் உதிரி பாகப் பட்டறை. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. 5,000 மீட்டர் ஓடுகிறவள். வாரத்தில் ஐந்து நாள், காலையும் மாலையும் பயிற்சி. விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பாவின் பைக்கில் நேரு ஸ்டேடியத்தில் போய் இறங்குவாள். அவள் ஓடி முடிக்கும்வரை சும்மா நிற்பானேன் என்று அப்பா பக்கத்திலிருக்கும் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒரு சுற்று வருவார். ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். நண்பர்களோடு பேசிக்கொண்டே நடப்பதால் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும்.

மகளுக்குச் சாக்லேட் பாலைச் சொன்னவர் அவளுடைய கோச். காலைப் பயிற்சி முடிந்து வந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. கடுமையாக ஓடியவர்களுக்குக் கொஞ்ச நேரம் பசி மந்தமாக இருப்பது வழக்கம்தான். “சாப்பிட முடியலைன்னா பரவாயில்லை, முதல்ல ஒரு டம்ளர் சாக்லேட் பால் குடிச்சிடு” என்றார். அம்மாவும் ஆற்றிக் கொடுத்தார். மாலைப் பயிற்சியில் கால் கனப்பது குறைந்தது என்றாள் மகள்.

எதிரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அப்பா ஒருநாள் கேட்டார்: “ஏம்புள்ள, நானும்தான நடந்துட்டு வர்றேன்? எனக்கும் அதே மாதிரி ஒரு டம்ளர் ஆத்து.”

அப்படித்தான் இரண்டாவது டம்ளர் மேஜைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து ‘எடை குறையும்’ வீடியோவும் வந்து சேர, அது நிரந்தரமாகிவிட்டது.

நான்கு மாதம் கழித்து வழக்கமான ரத்தப் பரிசோதனை. எண்பத்திரண்டரை கிலோ இருந்த அப்பா 84 கிலோ ஆகியிருந்தார். மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1. 5.7-க்குக் கீழே இருந்தால் சரியான அளவு, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். “நடுவுல நிக்கறீங்க. இந்தப் பக்கம் வர்றதும் அந்தப் பக்கம் போறதும் உங்க கையிலதான் இருக்கு” என்றார் டாக்டர். அப்பாவுக்கு நம்ப முடியவில்லை. தினமும் நடந்தும் எடை எப்படி ஏறும்?

மகளின் உடம்பில் என்ன நடக்கிறது?

முதலில் மகளின் டம்ளரைப் பார்த்துவிடுவோம். அவளுக்கு அது ஏன் பலன் தந்தது என்பது தெரிந்தால்தான் அப்பாவுக்கு ஏன் தரவில்லை என்பது புரியும்.

நாம் சாப்பிடும் சோறு, இட்லி எல்லாவற்றிலிருந்தும் கிடைக்கும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைகோஜன் என்ற பெயரில் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. வண்டிக்குப் பெட்ரோல் டேங்க் மாதிரி. மெதுவாக நடக்கும்போது இந்த டேங்க் அவ்வளவாகக் குறைவதில்லை. உடம்பு கொழுப்பையும் சேர்த்து எரித்துச் சமாளித்துக்கொள்ளும். வேகமாக, நீண்ட நேரம் ஓடும்போது டேங்க் மளமளவென்று இறங்கும். கூடவே தசை நார்களில் நுண்ணிய சேதங்கள் ஏற்படும். வியர்வையில் தண்ணீரும் உப்பும் வெளியேறும்.

ஆக, ஓடி முடித்தவருக்கு மூன்று தேவைகள். டேங்க்கை நிரப்ப மாவுச்சத்து அல்லது சர்க்கரை, தசையைப் பழுது பார்க்கப் புரதம், இழந்ததை ஈடுகட்டத் தண்ணீரும் உப்புகளும்.

சாக்லேட் பாலில் இந்த மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். பால் புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கு, வேகமாகச் செரிக்கும் வே புரதம். மீதி, நிதானமாகச் செரிக்கும் கேசின். சோடியம், பொட்டாசியம், கால்சியம் இயல்பாகவே உண்டு. பாலின் சொந்தச் சர்க்கரையான லாக்டோஸோடு நாம் சேர்க்கும் சர்க்கரையும் சேரும்போது, ஒரு பங்கு புரதத்துக்கு மூன்று நான்கு பங்கு மாவுச்சத்து என்ற விகிதம் வந்துவிடுகிறது. விளையாட்டு வீரர்களுக்கென்று தயாரிக்கும் பல விலையுயர்ந்த பானங்களில் இருப்பதும் ஏறக்குறைய இதே விகிதம்தான். உடம்பில் தண்ணீரைத் தக்கவைப்பதில், வெறும் தண்ணீரைவிடப் பால் மேல் என்று இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம் நேரம். காலியான டேங்க் முழுதாக நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அடுத்த பயிற்சி மறுநாள்தான் என்றால் அவசரமே இல்லை. மூன்று வேளைச் சாப்பாடே அதை நிரப்பிவிடும். ஆனால், காலையில் 12 கிலோமீட்டர் ஓடிவிட்டு மாலையில் மறுபடி டிராக்கில் இறங்குகிறவளுக்கு இடைவெளி பத்து மணி நேரம்கூட இல்லை. அவளுக்குத்தான் ‘உடனே குடி’ என்ற அறிவுரை பொருந்தும். 48 கிலோ எடையுள்ள அவள், காலை ஓட்டத்தில் மட்டும் 500 கலோரிக்கு மேல் செலவழித்துவிட்டு வருகிறாள். ஒரு டம்ளர் சாக்லேட் பால் அந்தப் பள்ளத்தை நிரப்பத் தொடங்குகிறது. அரை மணி கழித்து இட்லியும் சாம்பாரும் முட்டையும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன.

ஒன்பது பேரும் ஒரு டம்ளரும்

குழந்தைகளின் பானம் விளையாட்டு வீரர்களின் பானமானது அமெரிக்காவில். இன்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். நன்கு பயிற்சி பெற்ற ஒன்பது சைக்கிள் வீரர்களைக் களைக்கும்வரை மிதிக்கவிட்டார்கள். பிறகு நான்கு மணி நேரம் ஓய்வு. அந்த ஓய்வில் ஒருமுறை சாக்லேட் பால், இன்னொருமுறை கேட்டரேட் மாதிரியான விளையாட்டு பானம், மற்றொருமுறை மாவுச்சத்து மிகுந்த வேறொரு பானம். ஓய்வு முடிந்ததும் மறுபடி, முடியாது என்று சொல்லும்வரை மிதிக்க வேண்டும்.

சாக்லேட் பால் குடித்த நாளில், அந்த மாவுச்சத்து பானம் குடித்த நாளைவிட வெகுநேரம் மிதித்தார்கள். ஆனால், கேட்டரேட் குடித்த நாளுக்கும் சாக்லேட் பால் குடித்த நாளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பத்திரிகைகளுக்கு இந்தப் பின்பாதி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ‘விலை உயர்ந்த பானங்களை வென்றது சாக்லேட் பால்’ என்ற தலைப்பு உலகம் சுற்றியது.

இந்த ஆய்வுக்கான பணத்தில் ஒரு பகுதி பால் துறை அமைப்பு ஒன்றிலிருந்து வந்தது. அதனாலேயே முடிவு பொய் என்று ஆகிவிடாது. அதன் பிறகு நடந்த பல சோதனைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தவர்களும், மற்ற பானங்களுக்குச் சமமாகவோ சில விஷயங்களில் கொஞ்சம் மேலாகவோ சாக்லேட் பால் இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். பெரும்பாலும் சிறிய சோதனைகள். கலந்துகொண்டவர்களும் பெரும்பாலும் பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்கள். ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறவரை வைத்து யாரும் சைக்கிள் மிதிக்கச் சொல்லவில்லை.

பால் விற்கவில்லை… என்ன செய்யலாம்?

அமெரிக்காவில் பால் குடிக்கும் பழக்கம் 1970-களிலிருந்தே குறைந்துகொண்டு வருகிறது. குளிர்பானங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. பாலை மறுபடி டம்ளருக்குக் கொண்டுவர, 1990-ல் ஒரு சட்டமே போட்டார்கள். பால் பதப்படுத்தும் நிறுவனங்கள் விற்பனை அளவுக்கேற்ப ஒரு சிறு தொகையைப் பொது நிதியில் சேர்க்க வேண்டும். அந்தப் பணத்தில் பாலுக்கு விளம்பரம். உதட்டில் பால் மீசையோடு சினிமா நட்சத்திரங்களும் விளையாட்டு வீரர்களும் சிரித்த படங்கள் அப்படி வந்தவைதான். இன்டியானா ஆய்வுக்குப் பிறகு, சாக்லேட் பாலுக்கென்றே ஒலிம்பிக் வீரர்களையும் கால்பந்து வீரர்களையும் வைத்துத் தனிப் பிரசாரம் தொடங்கியது.

எடைக் குறைப்புக் கதையும் அங்கே பிறந்ததுதான். பாலிலுள்ள கால்சியம் கொழுப்பைக் கரைக்க உதவும் என்று டென்னசி பல்கலைக்கழகத்தில் நடந்த சில சிறிய ஆய்வுகள் சொல்லின. அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் ஏற்கெனவே சாப்பாட்டைக் கணிசமாகக் குறைத்திருந்தவர்கள். விளம்பரம் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. ‘தினமும் மூன்று முறை பால் பொருள், எடை குறையும்’ என்ற ரீதியில் போனது பிரசாரம். மற்றவர்கள் செய்த சோதனைகளில் அந்தப் பலன் தெரியவில்லை. மருத்துவர்கள் அமைப்பு ஒன்று புகார் கொடுத்தது. விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் விசாரித்தது. கடைசியில் 2007-ல், மேற்கொண்டு ஆய்வுகள் வரும்வரை எடைக் குறைப்பைச் சொல்லும் விளம்பரங்களை நிறுத்திவிடுவதாகப் பால் விளம்பர அமைப்புகளின் சார்பில் ஒப்புக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் அன்று இறக்கப்பட்ட அந்த விளம்பரப் பலகையைத்தான், இத்தனை வருடம் கழித்து அத்தையின் ஃபார்வர்டு மறுபடி தூக்கி நிறுத்துகிறது.

2011-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றையும் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். சாக்லேட் பால் குடித்த இளைஞர்களின் உடல்திறன் மற்றவர்களைவிட அதிகமாக முன்னேறியது. உடம்பில் கொழுப்புக்கும் தசைக்கும் உள்ள விகிதமும் மேம்பட்டது. உண்மைதான். ஆனால், அவர்கள் நாலரை வாரம், வாரத்தில் ஐந்து நாள், தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க சைக்கிள் மிதித்தவர்கள். அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டு டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டால் பலன் எங்கிருந்து வரும்?

சாக்லேட் பால் மேல் ஏற்றிய பாரம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு மேரிலாண்ட் பல்கலைக்கழகச் சம்பவம் ஓர் உதாரணம். பள்ளிக் கால்பந்து வீரர்களுக்குத் தலையில் அடிபட்ட பிறகும் மூளையின் செயல்பாடு மேம்பட ஒரு குறிப்பிட்ட சாக்லேட் பால் உதவுகிறது என்று 2015-ல் செய்திக் குறிப்பு வெளியிட்டார்கள். சந்தேகம் கிளம்பியது. பல்கலைக்கழகமே குழு அமைத்து விசாரித்து, ஆய்வு நடந்த விதத்தில் குறைகள் இருப்பதைக் கண்டு, 2016-ல் அதை விலக்கிக்கொண்டது.

அம்மா போட்ட கணக்கு

கோவை வீட்டில் இவ்வளவு ஆராய்ச்சியெல்லாம் நடக்கவில்லை. டாக்டரிடமிருந்து வந்த அன்று இரவு அம்மா ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பட்டறைக்கு வரவு செலவு எழுதுகிறவர் அவர்தான். அதே முறையில் டம்ளருக்கும் எழுதினார்.

பச்சை பாக்கெட் பால் 250 மில்லி – சுமார் 180 கலோரி. சாக்லேட் பொடி குவித்து இரண்டு ஸ்பூன் – 75. அதற்கு மேல் சர்க்கரை இரண்டு டீஸ்பூன் – 40. ஆக, 300-ஐ ஒட்டி வந்தது.

செலவுப் பக்கம்: 84 கிலோ எடையுள்ளவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு சுற்று நடந்தால் 150 முதல் 180 கலோரி.

நடந்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு தினமும் 120 கலோரி கடன் வைத்திருக்கிறார் அப்பா. நான்கு மாதத்தில் ஒன்றரை கிலோ ஏறியதில் என்ன ஆச்சரியம்? சாக்லேட் பொடி டப்பாவைத் திருப்பிப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பொடியிலேயே சர்க்கரை இருக்கிறது. அதற்கு மேல் இரண்டு டீஸ்பூன் போட்டிருக்கிறார்கள்.

ஒருவர் ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை, மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பாவுக்கு அதில் பாதிக்கு மேல் காலை ஏழரை மணிக்குள் போய்விடுகிறது. பதினோரு மணி டீயும், நாலு மணி டீயும் இன்னும் பாக்கி. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. அந்த வரிசையில் போய் நிற்க அப்பாவுக்கு ஒரு சின்னத் தள்ளுதல் போதும்.

“ஏனுங்க, நாளையில இருந்து உங்களுக்கு இது கெடையாதுங்க” என்றார் அம்மா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று தலையாட்டினார்.

டம்ளர் போனது… நடையும் போனது

மூன்றாவது நாள் அப்பாவுக்கு முழங்கால் வலித்தது. நாலாவது நாள் பட்டறையில் அவசர வேலை. ஐந்தாவது நாள் மகள் தன் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தனியாகவே ஸ்டேடியத்துக்குப் போனாள்.

அம்மாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு டம்ளர் பாலுக்காக இந்த வயதில் இவ்வளவு வீம்பா? யோசித்துப் பார்த்தபோதுதான் வேறொன்று புலப்பட்டது. இருபது வருடமாகப் பட்டறையிலிருந்து அவர் வீடு திரும்ப இரவு ஒன்பது ஒன்பதரை ஆகிவிடும். மகள் வளர்ந்த காலமெல்லாம் அவள் தூங்கும் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருப்பார். ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போக ஆரம்பித்த பிறகுதான் பேச்சே வந்தது. பயிற்சி முடிந்து, எதிரெதிரே உட்கார்ந்து, இருவரும் ஒரே மாதிரி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு எத்தனை ரவுண்ட், யார் முந்தினார்கள், கோச் என்ன சொன்னார் என்று பேசும் அந்தக் கால் மணி நேரம். ‘நானும்தான நடந்துட்டு வர்றேன்’ என்று அவர் கேட்டது பாலை மட்டும் அல்ல. மகளோடு தானும் ஓர் ஆட்டக்காரர் என்று உட்காரும் இடத்தைக் கேட்டிருக்கிறார். அந்த இடத்தைத்தான் டம்ளரோடு சேர்த்து எடுத்துவிட்டோமோ என்று அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது.

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை என்றதும் நாம் வழக்கமாகச் செய்வது இதுதான். ‘இது கூடாது, அது கூடாது’ என்று தட்டிலிருந்து எடுத்துக்கொண்டே போவோம். அந்தப் பண்டத்தோடு என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை. சாயங்கால டீ என்றால் அதில் நண்பர்களும் இருக்கிறார்கள். பண்டிகைப் பலகாரம் என்றால் அதில் அவருடைய அம்மாவின் கைமணமும் இருக்கிறது. எடுக்கிற இடத்தில் வேறொன்றை வைக்காவிட்டால், அந்த மனுஷர் ஒன்று திருட்டுத்தனமாகச் சாப்பிடுவார். அல்லது எல்லாவற்றிலிருந்தும் விலகிக்கொள்வார்.

வழி கண்டுபிடித்தவள் மகள். இனிப்பே சேர்க்காத கோகோ பவுடர் ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். நீல பாக்கெட் பால் அரை டம்ளர், ஒரு ஸ்பூன் கோகோ, துளி பட்டைத்தூள். சர்க்கரை இல்லை. பழைய டம்ளரிலேயே ஆற்றி அப்பா முன் வைத்தாள்.

ஒரு வாய் குடித்துவிட்டு அப்பா நிமிர்ந்து பார்த்தார். “ஏங்கண்ணு, வேப்பங்கொழுந்து ஏதாச்சும் அரைச்சுப் போட்டியா?”

“பத்து நாளைக்குக் குடிங்கப்பா. அப்புறம் நீங்களே கேப்பீங்க. ஆனா ஒண்ணு, இனிமே ஒரு ரவுண்ட் பத்தாதுங்கப்பா. ரெண்டு.”

பேரம் படிந்தது. முழங்கால் வலி அன்றே சரியாகிவிட்டது. இரண்டாவது சுற்றில் நண்பர்கள் கழன்றுகொள்வதால் பேச்சு குறைந்து நடை வேகமானது. அம்மா ராத்திரிச் சாதத்தைக் குறைத்து, காயையும் பருப்பையும் கூட்டினார். டீயில் சர்க்கரை அரை ஸ்பூனானது. மூன்று மாதம் கழித்து எடை 81 கிலோ. ஹெச்பிஏ1சி 5.9. இன்னும் கோட்டுக்கு மேல்தான் இருக்கிறார். ஆனால், திசை மாறியிருக்கிறது. இந்தப் பெருமையில் கோகோவுக்குப் பங்கு கிடையாது. இரண்டாவது சுற்றுக்கும் குறைத்த சாதத்துக்கும் குறைத்த சர்க்கரைக்கும்தான் அது சேர வேண்டும். மகளின் டம்ளர் மட்டும் மாறவில்லை. ஓட்டமில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் அதைத் தொடுவதில்லை.

உங்கள் டம்ளர் எது?

ஒரு மணி நேரத்துக்கு மேல் கடுமையாக ஓடுகிறவர்கள், நீந்துகிறவர்கள், கால்பந்து, கபடி ஆடுகிறவர்கள், அதிலும் அன்றே மறுபடி களத்தில் இறங்க வேண்டியவர்கள் – இவர்களுக்குச் சாக்லேட் பால் நல்ல பானம். பயிற்சி முடிந்து வயிறு ஏற்கும் நேரத்தில் 250 மில்லி குடித்து, கொஞ்ச நேரத்தில் வழக்கமான சாப்பாட்டையும் சாப்பிட்டால் போதும். விலை கூடிய பவுடர் டப்பா தேவையில்லை.

அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் நடப்பவர்களுக்கும், வீட்டில் யோகா செய்பவர்களுக்கும் தண்ணீரே போதும். வெயிலில் வியர்த்தால் உப்புப் போட்ட நீர்மோர். காலை உணவு நேரமாகிவிட்டால் அதுவே உங்கள் ‘ரெகவரி’. இட்லி, சாம்பார், ஒரு முட்டை. அல்லது கம்பங்கூழும் மோரும். அல்லது ஒரு கிண்ணம் சுண்டலும் வாழைப்பழமும். மாவுச்சத்து, புரதம், தண்ணீர், உப்பு நான்கும் இவற்றிலேயே வந்துவிடும்.

எடை குறைக்க நினைப்பவர்கள் சாக்லேட் பாலைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டால் எடை ஏறத்தான் செய்யும். தினமும் குளிர்பானம் குடிக்கிறவர் அதை விட்டுவிட்டு, சர்க்கரை குறைத்த பால் குடித்தால் அது லாபம். பாலில் உள்ள புரதம் கொஞ்ச நேரம் பசி தாங்கவும் வைக்கும். அந்த லாபம்கூட ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிப்பதால் வருவதுதான்.

வீட்டில் செய்வது எளிது. சர்க்கரையில்லாத கோகோ ஒரு டீஸ்பூனை இரண்டு ஸ்பூன் வெந்நீரில் முதலில் குழைத்துக்கொள்ளுங்கள். நேராகப் பாலில் போட்டால் கட்டி தட்டும். பிறகு 200 மில்லி பால் ஊற்றி ஆற்றுங்கள். கடுமையான பயிற்சி என்றால் ஒரு வாழைப்பழத்தை மசித்தோ, இரண்டு டீஸ்பூன் சர்க்கரையோ சேர்க்கலாம். நாட்டுச் சர்க்கரை போட்டாலும் கணக்கு அதேதான். உடம்புக்கு அதுவும் சர்க்கரையே.

கடையில் பாட்டில் வாங்கினால் பின்பக்கம் பாருங்கள். ‘ஆடட் சுகர்’ என்ற வரியில் இருக்கும் கிராமை நான்கால் வகுத்தால் எத்தனை டீஸ்பூன் என்பது தெரிந்துவிடும். 100 மில்லிக்கான கணக்கா, முழு பாட்டிலுக்கான கணக்கா என்பதையும் கவனியுங்கள்.

குழந்தைகளுக்கும் இந்தக் கணக்கு உண்டு. சாக்லேட், மால்ட் பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் காட்டக் கூடாது என்று 2024 ஏப்ரலில் ஆன்லைன் வணிகத் தளங்களுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது. நம் உணவுச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே கிடையாது. பால் குடிக்கவைக்கப் பொடி தேவைப்பட்டால், குவித்த ஸ்பூனைத் தட்டையாக்கி, அதற்கு மேல் சர்க்கரை போடாமல், நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வரலாம்.

பால் குடித்தாலே வயிறு உப்பி, கடமுடா செய்பவர்களுக்கு லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். நம் ஊரில் பெரியவர்களில் பலருக்கு இது உண்டு. அவர்களுக்கு மோரும் தயிரும் பெரும்பாலும் பிரச்னை தருவதில்லை. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதுபோன்ற எந்தப் பானத்தையும் டாக்டரைக் கேட்காமல் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

‘பசித்துப் புசி’ என்று பெரியவர்கள் சொன்னது சோற்றுக்கு. சாக்லேட் பாலுக்கு ‘வியர்த்துக் குடி’ என்று வைத்துக்கொள்ளலாம். டம்ளரைக் கையில் எடுக்கும்போது, இன்றைக்கு இந்த உடம்பு எவ்வளவு உழைத்திருக்கிறது என்று ஒரு நொடி கேட்டுப் பாருங்கள். அதற்கான பதில் எந்த வீடியோவிலும் வராது. உங்கள் சட்டை எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.